ஊசியும் வீங்கிய கையும்: மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய நிணநீர் வீக்கத்தில் அக்குபங்சர் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்களுள் ஒரு பகுதியினருக்கு, அப்பக்கத்துக் கை நாளடைவில் வீங்கிப் பருக்கிறது. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் அறுவையில் அகற்றப்படுவதாலோ கதிர்வீச்சால் சேதமுறுவதாலோ நிணநீர் வடியும் வழி தடைபடுவதே இதற்குக் காரணமாகும். இவ்வீக்கம் முற்றிலும் குணமாவது அரிது. இக்கையில் ஊசி படலாகாது என்பது மருத்துவ உலகம் நெடுங்காலம் வலியுறுத்திய அறிவுரை. அதே கையில் ஊசி செருகி வீக்கத்தைக் குறைக்க இயலுமா என்னும் வினா 21ஆம் நூற்றாண்டில் ஆய்வுக்கு வந்தது. அத்தடையும் இந்நம்பிக்கையும் அளவீட்டுக்கு உட்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறுவையும் வீக்கமும்

அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் கணுக்களையும் ஒருசேர அகற்றும் முறையின் விளைவுகளை 1894இல் வெளியிட்டார். அம்முறை ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு செல்வாக்குடன் விளங்கியது. அதன் பின்விளைவான கை வீக்கத்தையும் அவரே ஆராய்ந்தார். 1921இல் எழுதிய கட்டுரையில், அறுவையால் தோன்றும் யானைக்கால் நோய் எனப் பொருள்படும் பெயரை அவ்வீக்கத்திற்குச் சூட்டி, தொற்றை அதன் முக்கியக் காரணமாகக் கருதினார். தொற்று பற்றிய இத்தகைய அச்சம் பிற்கால அறிவுரைகளிலும் தொடர்ந்தது. இரத்தம் எடுத்தல், ஊசி போடுதல் ஆகியவற்றை மறு கையிலேயே செய்யும் வழக்கம் நிலைபெற்றது. 1930களில் டென்மார்க் நாட்டு எமில் வோடர் வகுத்த நிணநீர் வடிப்பு மசாஜும், அழுத்தக் கட்டுகளும் பின்னர் முதன்மைச் சிகிச்சைகளாயின.

அக்குபங்சரின் வருகை

நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், 1971இல் பீக்கிங்கில் குடல்வால் அறுவைக்குப் பின் அக்குபங்சர் பெற்றதைப் பற்றி எழுதினார். அமெரிக்கர் பலரின் கவனம் இச்சீன மருத்துவ முறையின்பால் திரும்ப அது வழிவகுத்தது. 1997இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, அறுவைக்கும் புற்றுநோய் மருந்துகளுக்கும் பிந்தைய குமட்டலைத் தணிப்பதில் இம்முறை பயன்தருவதாக ஏற்றது. புற்றுநோய் மருத்துவத்தில் அக்குபங்சருக்கு இவ்வாறு ஓர் இடம் கிட்டியது.

நம்பிக்கையின் அளவீடு

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் பேரி கேசிலெத் குழுவினர் நடத்திய முன்னோடி ஆய்வு 2013இல் வெளிவந்தது. 33 பெண்களுக்கு நான்கு வாரங்களில் எட்டு முறை சிகிச்சை தரப்பட்டது. இரு கைகளின் சுற்றளவு வேறுபாடு சராசரியாக 0.90 செ.மீ. குறைந்தது, கடும் பக்கவிளைவு எதுவும் நேரவில்லை. எனினும் இவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை.

அக்குறையை அதே மையம் 2018இல் வெளியிட்ட ஆய்வு நிரப்பியது. 82 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு உடனடியாகச் சிகிச்சை பெற்றது, மற்றது காத்திருந்தது. ஆறு வாரச் சிகிச்சைக்குப் பின் கைச் சுற்றளவில் குழுக்களுக்கிடையே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இம்முறையும் கடும் பக்கவிளைவுகள் இல்லை.

தடையின் அளவீடு

இதற்கிடையில் பழைய தடையும் சோதிக்கப்பட்டது. பாஸ்டன் நகரில் 632 நோயாளிகளைத் தொடர்ந்து அளவிட்டு 2016இல் வெளியான ஆய்வு, சிகிச்சை பெற்ற பக்கத்துக் கையில் இரத்தம் எடுப்பதற்கும் ஊசி போடுவதற்கும் கையின் பருமன் கூடுவதற்கும் தொடர்பு காணவில்லை. ஆனால் தோலடித் தொற்றுக்கு அத்தொடர்பு இருந்தது. ஹால்ஸ்டெட்டின் ஐயத்தில் தொற்று பற்றிய கூறு வலுப்பெற்றது. ஊசி பற்றிப் பின்னர் வளர்ந்த அச்சத்திற்கு ஆதரவு கிட்டவில்லை.

முடிவுரை

ஊசியை விலக்கிய அறிவுரை, ஊசியை நாடிய நம்பிக்கை ஆகிய இரண்டும் போதிய சான்று திரளுமுன்னரே பரவின. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு எழுப்பிய நம்பிக்கையை, அதே நிறுவனத்தின் ஒப்பீட்டு ஆய்வே மட்டுப்படுத்தியது. தீங்கில்லாமை வேறு, பயனுடைமை வேறு என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்துகிறது. வாழ்நாள் முழுதும் வீங்கிய கையோடு வாழும் பெண்ணுக்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பது மருத்துவரின் கடமையாகிறது.