பச்சோந்தி காற்றைக் குடிக்காது

சென்ற வாரம் பேரன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா, பச்சோந்தி வளர்க்கலாமா?" என்று கேட்டான். அறுபது வருடத்துக்கு முன் நான் செய்த காரியம் ஒன்று நினைவுக்கு வந்தது.

போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் வழியில் முந்தல் இருக்கிறது. அந்த வறண்ட அடிவாரக் காடுதான் பச்சோந்திக்குப் பிடித்த இடம். ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்துத் திரிந்த வயதில், ஒரு புளியமரத்தில் பச்சோந்தி ஒன்றைக் கண்டேன். ஓலைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிரட்டை நிறையத் தண்ணீர் வைத்தேன், அது தொடவில்லை. "அது காத்தக் குடிச்சே உசுரோட இருக்கும்டா" என்றார் அப்பத்தா. நிறம் கறுத்தபோது நண்பர்களைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டினேன். பத்தாம் நாள் செத்துப்போனது.

அப்பத்தாவைக் குறை சொல்ல முடியாது. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினியும் பச்சோந்தி காற்றை உண்டு வாழ்வதாகவே எழுதிவைத்தார். அதற்கும் முன்பே கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் அதன் சுழலும் கண்களை நுணுக்கமாக விவரித்திருந்தார். 1672-ல் பாரிசில் மதலேன் தெ ஸ்குதேரி என்ற எழுத்தாளர், எகிப்திலிருந்து வந்த பச்சோந்திகளை வீட்டில் வளர்த்து, அவற்றின் கதையையும் எழுதினார். நம் பக்கத்தில் வழிப்போக்கர் ஓந்தியைக் கொண்டு நிமித்தம் பார்த்ததைக் குறுந்தொகை சொல்கிறது. நம் நாட்டுப் பச்சோந்திக்கு 1768-ல் லாரன்டி இலங்கையின் பெயரால் அறிவியல் பெயர் வைத்தார்.

உண்மை பிறகுதான் தெரிந்தது. பச்சோந்தி தேங்கிய தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் குடிக்கும். உடம்பைவிட நீளமான நாக்கை வீசி, உயிருள்ள பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். வெளிநாட்டில் இதை வளர்ப்பவர்கள் காற்றோட்டமான வலைக்கூட்டில் செடி வைத்து, இலைகளில் நீர் தெளிக்கிறார்கள். எலும்பு உறுதிக்கு வெயில் போன்ற புற ஊதா விளக்கும் சுண்ணாம்புச்சத்தும் வேண்டும். அடிக்கடி கையில் தூக்கக் கூடாது. நிறம் நாள்கணக்காகக் கறுத்தே கிடந்தால், பயம், குளிர், நோய் என ஏதோ ஒன்று அதை வாட்டுகிறது என்று பொருள். நான் வேடிக்கை காட்டியது அதன் வேதனையைத்தான்.

நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வீட்டில் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பேரனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, மழை விட்டதும் முந்தலுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீங்களும் சாலையில் ஒன்றைக் கண்டால், வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துப் புதரில் ஒரு குச்சியால் ஏற்றி விடுங்கள். நாம் செய்யக்கூடிய பராமரிப்பு அவ்வளவுதான்.