பி.ஏ.பி.ஆர். கவசம்... எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது?

நெல்லை டவுணைச் சுற்றி கல்குவாரி, கிரஷர், கிரானைட் பட்டறை எனப் பலருக்கும் தூசியோடுதான் பிழைப்பு. கல்தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். அதை முழுசா குணப்படுத்த மருந்தில்லை. தண்ணீர் விட்டு அறுப்பது முதல் பாதுகாப்பு. அடுத்தது, பி.ஏ.பி.ஆர். எனும் சுவாசக் கவசம். இடுப்பிலுள்ள பேட்டரி ஃபேன், காற்றை ஃபில்டரில் வடிகட்டி முகத்துக்கு அனுப்பும்.

* வேலைக்கு முன்னாடி பேட்டரி சார்ஜ், ஹோஸ், காற்றின் வேகம் மூன்றையும் செக் பண்ணுங்க.

* தாடி வெச்சிருக்கீங்களா? முகத்தோடு ஒட்டும் மாஸ்க் சரிவராது. தலையை மூடும் லூஸான ஹூட் வகையே சரி.

* ஃபில்டரைத் தட்டியோ, ஏர் அடிச்சோ சுத்தம் பண்ணாதீங்க. அடைச்சிக்கிட்டா மாத்திடணும்.

* ஃபேன் நின்னாலோ, அலாரம் அடிச்சாலோ உடனே வெளியே வாங்க. தூசி இல்லாத இடத்துக்கு வந்த பிறகே கழற்றணும்.

முக்கியமான விஷயம்... இந்தக் கவசம் காற்றை வடிகட்டுமே தவிர, ஆக்சிஜன் தராது. காற்றில் ஆக்சிஜன் 19.5 சதவிகிதத்துக்குக் கீழே போனாலே ஆபத்து. செப்டிக் டேங்க், பாழுங்கிணறு, பாதாளச் சாக்கடையில் இதை நம்பி இறங்கினால் உயிரே போகலாம். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 'மாஸ்க் இருக்குல்ல, இறங்கு' என்று யார் சொன்னாலும், தயங்காம 'முடியாது' சொல்லுங்க!