கண் உலர்வு நோய்

கண் உலர்வு என்பது விழியின் முன்பரப்பை ஈரமாக வைத்திருக்கும் கண்ணீர்ப் படலம் நிலைகுலைவதால் உறுத்தலும் எரிச்சலும் அவ்வப்போது பார்வை மங்கலும் உண்டாகும் நாட்பட்ட நோய். கண்ணீர் சுரப்பது குறைந்தால்தான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வகை மட்டுமே. போதிய அளவு சுரந்தும் கண்ணில் தங்காமல் ஆவியாகிவிடும் வகையே அதிகம் காணப்படுகிறது.

கண்ணீர்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான். நீர், புரதங்கள், உப்புகள், மியூசின் என்ற வழவழப்பான பொருள், மேற்பரப்பில் மெல்லிய கொழுப்பு ஆகியவை சேர்ந்தது அது. நீர்ப்பகுதி மேல் இமைக்குள் வெளி மூலையை ஒட்டியுள்ள கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து வருகிறது. மியூசின் கண்ணீரை விழிமேல் ஒட்ட வைக்கிறது. கொழுப்பைத் தருபவை இமை விளிம்புகளில் வரிசையாக அமைந்த மெய்போமியன் சுரப்பிகள். 1666இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மெய்போமின் பெயரே இவற்றுக்கு நிலைத்தது. இந்தச் சுரப்பிகளின் வாய் அடைபட்டால் கொழுப்பு மேலே பரவாது. நீர் விரைவில் ஆவியாகும். எஞ்சும் கண்ணீரில் உப்புச் செறிவு ஏறும். அது விழிப்பரப்பின் செல்களைப் புண்படுத்தி அழற்சியைத் தூண்டும். அழற்சியால் படலம் மேலும் குலையும். நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது இப்படித்தான்.

கண்ணில் மண் விழுந்தது போன்ற உறுத்தல், எரிச்சல், சிவப்பு, கூச்சம், படித்துக்கொண்டிருக்கையில் எழுத்து மங்கி இமைத்ததும் தெளிவது ஆகியவை அறிகுறிகள். சிலருக்குக் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டும். வறண்ட பரப்பின் உறுத்தலைத் தணிக்க உடல் அவசரமாகச் சுரக்கும் கண்ணீர் அது; நிலைத்து நிற்காது. 'தண்ணீர் கொட்டுகிறதே, இதையா உலர்வு என்கிறீர்கள்?' என்று நோயாளி மருத்துவரிடம் சந்தேகப்படுவது நியாயமே. அரிப்பு மட்டும் மேலோங்கி இருந்தால் ஒவ்வாமையா என்றும் பார்க்க வேண்டும்.

முதுமை, மாதவிடாய் நின்றபின் வரும் காலம், நீரிழிவு, தைராய்டு கோளாறு, காண்டாக்ட் லென்ஸ், லேசிக் அறுவை சிகிச்சை எல்லாம் காரணங்களே. சளிக்கும் அலர்ஜிக்கும் தரும் சில மாத்திரைகள், மனச்சோர்வு மருந்துகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின், பதனப்பொருள் கலந்த கிளாக்கோமா சொட்டு மருந்துகள் ஆகியவையும் கண்ணை உலர்த்தும். ஏ.சி. காற்றும் முகத்துக்கு நேராகச் சுழலும் மின்விசிறியும் ஆவியாதலைக் கூட்டும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, அதிலும் சில இமைப்புகளில் இமை முழுதாக மூடுவதில்லை. வாயும் சேர்ந்து உலர்ந்து மூட்டு வலியும் இருந்தால் ஷோக்ரன் நோய்க்குறியைச் சோதிக்க வேண்டும். ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933இல் தம் ஆய்வேட்டில் விவரித்த இந்நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள்.

ஷிர்மர் சோதனையில் கீழ் இமைக்குள் வடிதாள் பட்டையைச் செருகி, 5 நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று அளப்பார்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சுரப்பு மிகக் குறைவு. ஃப்ளோரசீன் சாயமிட்டு, இமைத்தபின் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று பார்ப்பது இன்னொரு சோதனை. 10 விநாடிக்குள் உடைந்தால் படலம் நிலையற்றது எனக் கொள்வர்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹயாலுரோனேட் போன்றவை கலந்த செயற்கைக் கண்ணீர் பொதுவான தொடக்கம். நாளுக்குப் பலமுறை விடுவோருக்குப் பதனப்பொருள் சேராத சொட்டு மருந்தே நல்லது. ஆனால் சுரப்பிகள் அடைபட்டவருக்குச் சொட்டு மட்டும் போதாது. வெதுவெதுப்பான ஒத்தடம் 5 முதல் 10 நிமிடம் கொடுத்து இமை விளிம்பை மெல்ல நீவ வேண்டும். விடாமல் செய்தால்தான் பலன். அழற்சி முற்றினால் சைக்ளோஸ்போரின் சொட்டு தருவார்கள். அது வேலை செய்யச் சில மாதங்கள் ஆகும். கண்ணீர் வடியும் துளையைச் சிறு அடைப்பானால் மூடுவதும், நோயாளியின் சொந்த ரத்தச் சீரத்தையே சொட்டாக்குவதும் கடுமையான நிலைகளுக்கு. ஒமேகா-3 மாத்திரை பரவலாகப் பரிந்துரைக்கப்பட்டாலும், 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் அது ஆலிவ் எண்ணெயைவிட மேலானதாகத் தெரியவில்லை.

சொட்டு மருந்தின் தூய்மை முக்கியம். 2023இல் அமெரிக்காவில் கிருமி கலந்த செயற்கைக் கண்ணீரால் சிலர் பார்வை இழந்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. அந்த மருந்து தமிழ்நாட்டில் தயாரானது. தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் போன்றவற்றைக் கண்ணில் விடுவதும் கிருமித் தொற்றுக்கு வழி திறப்பதே. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு சிவப்பை உடனே குறைக்கும். மேற்பார்வையின்றித் தொடர்ந்தால் கண் அழுத்தத்தை ஏற்றும், புரையையும் வரவழைக்கும்.

கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவற்றில் எது வந்தாலும், காண்டாக்ட் லென்ஸ் அணிபவருக்குக் கண் சிவந்தாலும், உலர்வு என்று எண்ணி வீட்டிலிருக்காமல் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். கருவிழிப் புண்ணாக இருக்கக்கூடும்.