கடைமடையும் சொட்டுக் குழாயும்

வாய்க்கால் பாசனத்தில் தலைமடை வயல் நிரம்பும், கடைமடைக்காரர் காத்திருப்பார். ஜவ்வாது மலைச் சரிவில் மேலிருந்து கீழாக டிரிப் குழாய் போட்டால் கதை தலைகீழ். கீழே உள்ள செடிக்கு அதிகம், மேலே உள்ளதற்குக் குறைவு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்தப் பங்கீட்டு வழக்கில் என் பாடப்புத்தகப் பெயர்கள் மூன்று வருகின்றன. நீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது என்று 17ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியவர் பாஸ்கல். 10 மீட்டர் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கூடும். டிஜோன் நகருக்கு 1840இல் ஊற்று நீர் கொண்டுவந்த பொறியாளர் டார்சி, குழாயின் உராய்வால் அழுத்தம் எவ்வளவு குறையும் என்று அளந்தார். இரத்த ஓட்டத்தை ஆராய்ந்த மருத்துவர் புவாசேய், மெல்லிய குழாயில் அழுத்தம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும், விட்டம் பாதியானால் ஓட்டம் 16இல் ஒரு பங்காகும் என்று கண்டார்.

சொட்டு நீருக்கு வந்த சிக்கல் இதுதான். துளையைச் சிறிதாக்கினால் தூசி அடைக்கும், பெரிதாக்கினால் தண்ணீர் கொட்டும். இஸ்ரேலின் நீர்ப் பொறியாளர் சிம்கா பிளாஸ், துளையை ஓரளவு பெரிதாகவே விட்டு, தண்ணீர் போகும் பாதையைச் சுருள்போல நீளமாக்கினார். 1965இல் நெகேவ் பாலைவனத்தின் ஹட்சேரிம் கிராமத்தில் அதைத் தயாரிக்க நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கப்பட்டது.

பின்னர் வந்த டிரிப்பர்களில் பாதை வளைந்து நெளிந்து தண்ணீரைச் சுழல வைக்கும். அதில் அழுத்தம் 1 கிலோவிலிருந்து 2 ஆனால், மணிக்கு 4 லிட்டர் 8 ஆகாது, சுமார் 5.6 ஆகும். சமவெளிக்கு இது போதும். மலைக்கென்றே பொருத்தமானது, உள்ளே ரப்பர் சவ்வு வைத்த டிரிப்பர். அழுத்தம் கூடினால் சவ்வு அழுந்தி வழியைக் குறுக்கும். மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவு சொட்டும்.

அந்தச் செலவு முடியாதவர்களுக்கும் வழி உண்டு. செடி வரிசைக் குழாய்களைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போடவேண்டும். கீழே இறங்கும் பெரிய குழாயில் தட்டுக்குத் தட்டு வால்வு வைத்து அழுத்தத்தைக் குறைக்கவேண்டும்.

தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. குழாய் வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். மேல் வரிசையில் ஒரு பாட்டில், கீழ் வரிசையில் ஒரு பாட்டில், கால் மணி நேரம். இரண்டிலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தால், பணம் கொடுத்தவர் யாராக இருந்தாலும், குழாய் போட்டவரை அன்றைக்கே திரும்பக் கூப்பிடுங்கள். கோடை வந்தபின் மேல் வரிசைச் செடி காத்திருக்காது.