மீத்தேன் ஹைட்ரேட்

நீர் மூலக்கூறுகள் கூண்டாகப் பிணைந்து, உள்ளே மீத்தேன் வாயுவை அடைத்து வைத்திருக்கும் திண்மப் பொருள். பார்வைக்குப் பனிக்கட்டியேதான், தீக்குச்சியைக் காட்டினால் பற்றிக்கொண்டு எரியும், அடியில் தண்ணீர் சொட்டும். குளிரும் மிகுந்த அழுத்தமும் சேர்ந்த இடங்களில்தான் நிலைத்திருக்கும்: கண்டச் சரிவுகளின் கடலடி வண்டல், ஆர்க்டிக் உறைநிலம். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால் ஏறத்தாழ 160 கன மீட்டர் வாயு கிடைக்கும்.

பொறியாளர்களுக்கு இது முதலில் தொல்லையாகவே அறிமுகமாயிற்று. அமெரிக்க எரிவாயுக் குழாய்களை அடைப்பது வெறும் பனியல்ல, ஹைட்ரேட்தான் என்று 1934இல் ஹாமர்ஷ்மிட் என்பவர் காட்டினார். 2010இல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவின்போது, கிணற்றின் மேல் கவிழ்க்க இறக்கிய பெரிய எஃகுக் கூண்டுக்குள் ஹைட்ரேட் படிந்து வாயை அடைத்துவிட்டது. அந்த முயற்சி கைவிடப்பட்டது.

எரிபொருளாக எடுக்கும் வழி கேட்பதற்கு எளிது. கிணற்று நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் கூண்டு உடைந்து வாயு பிரியும். ஜப்பான் 2013 மார்ச்சில் நன்காய் அகழியில் 'சிக்யூ' கப்பலைக் கொண்டு இதைச் செய்தது. கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வாயு எடுத்த முதல் சோதனை அது. ஆறே நாளில் சுமார் 1.2 லட்சம் கன மீட்டர் கிடைத்தது. பிறகு கிணற்றுக்குள் மணல் புகுந்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. மணலைப் பிடித்து வைத்திருந்ததே ஹைட்ரேட்தான். அது போனால் மணலும் நெகிழத்தானே செய்யும்!

இந்தியாவில் 2006இல் கிருஷ்ணா-கோதாவரி படுகையில் துளையிட்டபோது ஓரிடத்தில் 128 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் இருந்தது. ஆனால் அது களிமண்ணின் வெடிப்புகளில் படிந்தது. களிமண் வழியே வாயு எளிதில் நகராது. மணற்பாங்கான படிவுகள் 2015 ஆய்வில்தான் அகப்பட்டன.

சுற்றுச்சூழல் அபாயம் இரு வகை. ஒன்று, வண்டல் பிடிப்பிழந்து கடலடிச் சரிவு ஏற்படலாம். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் நார்வே அருகே நிகழ்ந்து சுனாமியை எழுப்பிய ஸ்டோரெக்கா சரிவில் ஹைட்ரேட்டுக்குப் பங்குண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மற்றொன்று, மீத்தேன் வளிமண்டலத்தை எட்டுவது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும். எனினும் 'கடலடி மீத்தேன் குண்டு' என்ற பேச்சு மிகை: ஆழ்கடலில் கசியும் வாயுவில் பெரும்பகுதியை வண்டலிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன.

தென்சீனக் கடலில் 2020இல் சீனா 30 நாட்களில் 8.6 லட்சம் கன மீட்டர் எடுத்தது. அதுவும் சோதனையே, கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வணிக உற்பத்தி எந்த நாட்டிலும் தொடங்கவில்லை.