கார் நிக்கோபார் பள்ளிகள்: வகுப்பில் யார், வீட்டில் எந்த மொழி

ஒரு சிறிய தீவுப் பள்ளியில் இருபது பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தவறினால் தேர்ச்சி 95 விழுக்காடு. நால்வர் தவறினால் 80. சென்னையின் பெரிய மேல்நிலைப் பள்ளியில் அந்த நால்வரின் தோல்வி சதவீதத்தை அசைப்பதே இல்லை. தீவிலோ அது ‘கல்வி சரிந்துவிட்டது’ என்ற தலைப்பாகிவிடும். ஆகவே கார் நிக்கோபார் மாணவர்களின் தேர்ச்சியை ஆராய்பவர் முதலில் கேட்க வேண்டியது, வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார், அவர்கள் வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதையே. இவ்விரண்டுக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு தமிழர்.

நிக்கோபார் தீவுகளில் ஐரோப்பியச் சமயப் பணி முன்பே வந்து போயிருந்தது. மொரேவியன் சபையார் 1768 முதல் 1787 வரை நன்கௌரியில் இருந்து, காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்துத் திரும்பினார்கள். பள்ளி என்று சொல்லத்தக்கது கார் நிக்கோபாரில் வேரூன்றியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். வேதப்பன் சாலமன் என்ற தமிழ் உபதேசியார் முஸ் கிராமத்தில் தங்கி, பிரிட்டிஷ் அரசின் முகவராகவும் ஆசிரியராகவும் பணிபுரிந்தார். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் 1902-இல் லண்டன் மானிடவியல் கழகத்தின் இதழில் அச்சேறின. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் அவர் பெயர் அநேகமாக இல்லை. இருக்க வேண்டிய பெயர் அது.

அன்றைய வகுப்பறையின் மக்கள்தொகை எளிமையானது: எல்லோரும் நிக்கோபாரிப் பிள்ளைகள். சாலமனிடம் படித்த முஸ் கிராமத்துப் பையன் ஒருவன் பர்மாவின் மாண்டலே நகருக்கு மேற்படிப்புக்கு அனுப்பப்பட்டான். அவர்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். ஊர் திரும்பி ஆசிரியரானார். பைபிளைத் தாய்மொழிக்குக் கொண்டுவரும் பணியில் முன்னின்றார். ஜார்ஜ் ஒயிட்ஹெட் தொகுத்த கார் நிக்கோபாரி அகராதி 1925-இல் ரங்கூனில் வெளியாயிற்று. ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட தாய்மொழியே எழுத்தறிவுக்கு நுழைவாயிலாக இருந்த காலம் அது. வீட்டில் பேசியதைப் பலகையில் படித்த அந்தத் தலைமுறையிலிருந்துதான் தீவின் தலைவர்கள் எழுந்தார்கள். தேவாலயமும் கிராமத் தலைவர்களும் பள்ளியைத் தங்களுடையதாகக் கருதியதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஜப்பானிய ஆக்கிரமிப்பு (1942–45) இந்த வளர்ச்சியின் நடுவே விழுந்த வெட்டு. நேச நாட்டுக் கப்பல்களுக்குச் சைகை காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டில் தீவுக்காரர்கள் சித்திரவதைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார்கள். அதற்காக 1946-இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணை நடந்தது. தப்பிப் பிழைத்த ரிச்சர்ட்சன் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபார் சார்பில் நியமிக்கப்பட்டார்.

விடுதலைக்குப் பின் கல்வி அரசின் பொறுப்பாயிற்று. பள்ளிகள் பெருகின. 1956-இன் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, வெளியார் இங்கே நிலம் வாங்குவதையும் அனுமதியின்றி நுழைவதையும் தடுத்தது. அதனால் இந்தியாவின் வேறு பல பழங்குடிப் பகுதிகளில் நேர்ந்ததுபோல நிக்கோபாரிகள் சொந்த மண்ணில் சிறுபான்மையாகவில்லை. அதே சமயம் விமானப்படைத் தளம், அரசு அலுவலகங்கள் வழியாகத் தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி பேசும் குடும்பங்கள் வந்தன. அந்தப் பிள்ளைகள் தந்தையின் மாற்றலோடு வந்து மாற்றலோடு போய்விடுபவர்கள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வில் ஒரே வினாத்தாளை எழுதும் இருவரில் ஒருவருக்கு இந்தியோ ஆங்கிலமோ பழகிய மொழி. மற்றவருக்கு வீட்டில் ஒலிக்கும் மொழி ஆஸ்ட்ரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த இடைவெளியைச் சராசரி மதிப்பெண் மூடிவிடுகிறது.

பிறகு 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பிள்ளைகள் வகுப்பறையில் இல்லை. கடலோரமாக இருந்த கிராமங்கள் ஆழிப் பேரலையில் அழிந்தன. எஞ்சியவர்கள் தீவின் உட்பகுதிக்கு நகர்ந்து தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். தென்னந்தோப்புகளும் போயின. நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும்; ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து நடுநிலைக்கு வரும் காலம் அது. கொப்பரையால் வாழ்ந்த கூட்டுக் குடும்பங்கள் அந்தக் காலத்தை நிவாரணத்தைக் கொண்டு கடந்தன. கார் நிக்கோபாரின் மக்கள்தொகை 2001-இல் 20,292, 2011-இல் 17,841. மாவட்டம் முழுவதிலும் 42,068 பேர் 36,842 ஆகக் குறைந்தார்கள். பலியானோர், இடம்பெயர்ந்தோர், தளத்தை விட்டுச் சென்ற குடும்பங்கள் என எல்லாம் இந்தக் கழித்தலுக்குள் இருக்கின்றன. பள்ளியில் அது சிறுத்த வகுப்பாக, பெற்றோரை இழந்த பிள்ளையாகத் தெரிந்திருக்கும். 2011-இல் மாவட்ட எழுத்தறிவு ஏறத்தாழ 78 விழுக்காடு. ஒன்றியப் பகுதியின் சராசரி 86.6. எட்டரைப் புள்ளி இடைவெளியில் எவ்வளவு பேரலையின் பங்கு, எவ்வளவு மொழியின் பங்கு என்று அந்த எண் சொல்லாது.

தேர்வு முறையும் ஒரே நிலையில் இருக்கவில்லை. தொடர் மதிப்பீட்டு முறை வந்தபின் 2011 முதல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பலருக்கு விருப்பமாயிற்று. 2018-இல் மீண்டும் கட்டாயமாயிற்று. 2021-இல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. எனவே 2010-க்கும் 2018-க்கும் இடையிலான விகிதங்களை ஒரே கோட்டில் வரைந்து ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்டும் வரைபடம் எதையும் நிரூபிக்காது. பேரலைக்குப் பிறகு பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பை எட்டியதும் இதே ஆண்டுகளில்தான்.

மேற்படிப்பு இன்னொரு கடல் தூரம். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967-இல் தொடங்கியது. கார் நிக்கோபாரிலிருந்து அது ஏறத்தாழ 270 கிலோமீட்டர். பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவர் கப்பலேறினாரா என்பதையும் கணக்கில் சேர்க்காமல் ஒரு பள்ளியின் சாதனையை அளக்க முடியாது.

கல்வித் துறைக்கு ஒரு கோரிக்கை. தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடும்போது மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிடுங்கள்: தேர்வெழுதியோர் எத்தனை பேர், அவர்களுள் நிக்கோபாரியைத் தாய்மொழியாகக் கொண்டவர் எத்தனை பேர், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களுள் பத்தாம் வகுப்பு வரை தங்கியவர் எத்தனை பேர். பள்ளிப் பதிவேடுகளில் இருக்க வேண்டிய விவரங்கள்தான் இவை. மாணவரின் பெயர் வெளிவரத் தேவையில்லை.