எம்பெக்க தூண்களில் அன்னமும் இருதலைப் பறவையும்

தலவாக்கலையில் புகையிரதம் ஏறி, ஹட்டன், நாவலப்பிட்டி தாண்டிக் கம்பளையில் இறங்கினால் எம்பெக்க தேவாலயம் அதிக தூரமில்லை. கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் 14ஆம் நூற்றாண்டில் கதிர்காமத் தெய்வத்துக்காகக் கட்டிய கோயில் இது. தோட்டங்களில் முருகன் என்று நாம் கும்பிடும் அதே தெய்வம்.

இதன் மேள மண்டபத்தைத் தாங்கும் மரத்தூண்கள்தான் உலகப் புகழ் பெற்றவை. தூண்களின் சதுரப் பகுதிகளில் நான்கு பக்கமும் சிற்பங்கள். தேவாலயத்தில் மொத்தம் 514 செதுக்கல்கள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. மல்லர்கள், நடனமாதர், பாலூட்டும் தாய் ஆகியோருக்கு நடுவே விலங்குகளும் பறவைகளும் நிற்கின்றன.

அன்னம்: கழுத்துகளைப் பின்னிக்கொண்ட இரண்டு அன்னங்கள். சிங்களத்தில் ‘ஹம்ச பூட்டுவ’. பாலையும் நீரையும் பிரிக்கும் பறவை என்று தமிழ் மரபு சொல்வதால், நல்லதைத் தெரிந்தெடுக்கும் அறிவின் அடையாளம். கழுத்துகள் முடிச்சாகும்போது பிரியாத உறவையும் குறிக்கிறது.

இருதலைப் பறவை: சிங்களத்தில் ‘பேருண்ட பக்ஷய’, கன்னடத்தில் ‘கண்டபேருண்டம்’. யானையையே தூக்கும் வலிமை கொண்டதாகக் கதை. விஜயநகர மன்னர் அச்சுதராயரின் காசுகளில் இருந்தது. இன்று கர்நாடக அரசின் சின்னத்தில் இருக்கிறது. அரச வல்லமையின் குறி.

சிங்கம், யானை: சிங்கம் ஆட்சியையும் காவலையும், யானை வளத்தையும் பலத்தையும் காட்டும். தமிழகக் கோயில் தூண்களில் யாளியைப் பார்த்தவர்களுக்கு இவை புதியவை அல்ல.

இந்த ஒற்றுமை தற்செயலானதல்ல. எம்பெக்கவைச் செதுக்கியவர் தெல்மட மூலாச்சாரி என்பது மரபு. ‘ஆச்சாரி’ என்ற பட்டம் நம் ஆசாரிமாருக்கும் உரியது. அருகிலுள்ள கடலாதெனிய விகாரையை 1344இல் அமைத்தவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. லங்காதிலக விகாரையின் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது.

கண்டிய மரச்சிற்ப உருவங்களை முறையாக ஆராய்ந்து 1908இல் நூலாக்கிய ஆனந்த குமாரசுவாமியும் தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவரே.

இதை வைத்து எம்பெக்க யாருடையது என்று வாதாடத் தேவையில்லை. கோப்பிக் காலத்துக்கு முன்பு இந்த மலைநாட்டுக்கும் தமிழுக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணுபவர்களுக்கு இந்தத் தூண்களும் கல்வெட்டுகளும் போதிய பதில். பாடசாலைச் சுற்றுலாவில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அன்னத்தின் இரு பெயர்களையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம்.

ஒரு வேண்டுகோள்: மண்டபம் பக்கங்கள் திறந்தது, மரமோ ஆறு நூற்றாண்டைத் தாண்டியது. தூண்களில் சாயாமல், செதுக்கலைத் தடவாமல் பாருங்கள்.